அலமாரிச் சித்திரமும் குலத்தொழிலும்

மன்னர் கட்டிய கோட்டைகளுக்கும் நடத்திய போர்களுக்கும் வரலாறு எழுதுவோர் பலர். நம் வீட்டு அலமாரியின் விளிம்பில் ஓடும் இரண்டு விரல் அகலச் சட்டத்துக்கு வரலாறு எழுதுவோர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு மக்கட்கூட்டத்தின் வரலாற்றில் பெரும்பகுதி, அவர்களுடைய கைகள் எவ்வெவற்றைச் செய்யக் கற்றன, எவ்வெவற்றைச் செய்யலாகாதென்று தடுக்கப்பட்டன என்பதிலேயே அடங்கியிருக்கிறது. அவ்வகையில் நோக்குவோமாயின், மரச்சாமானுக்கு அழகு செய்யும் இச்சிறு சட்டம் நமக்கு ஒரு பெரிய செய்தியைச் சொல்லவல்லது.

ஓரச்சட்டம் என்று ஈண்டுக் குறிப்பது, அலமாரியின் தலையிலும் அடியிலும் கதவின் நாற்புறத்திலும் மேடும் பள்ளமுமாக இழைத்துப் பொருத்தப்படும் மரத்துண்டையேயாகும். தமிழ்நாட்டுத் தச்சுப் பட்டறைகளில் இதனைப் 'பீடிங்' என்பர். மலாய்க்காரர் 'குமாய்' என்பர். இது வெறும் அலங்காரத்துக்காகவே தோன்றிற்றென்று எண்ணிவிடலாகாது. இரு பலகைகள் கூடும் மூட்டினை இது மறைக்கிறது. கூரான விளிம்பு அடிபட்டுச் சிதையாமல் காக்கிறது. காற்றின் ஈரத்துக்கேற்ப மரம் சுருங்கியும் விரிந்தும் உண்டாக்கும் சந்தினைக் கண்ணுக்குத் தெரியாதபடி செய்கிறது. இத்தனை ஊழியமும் புரிந்துவிட்டு, வெளிச்சமும் நிழலும் தன்மேல் விழும்போது அழகாகவும் விளங்குகிறது. இத்தகைய பொருளைச் செய்யும் வித்தை யாருக்கு உரியது என்னும் கேள்வியே இக்கட்டுரையின் பொருள்.

பெயர் வந்த வழி

முதற்கண் அலமாரியைப் பற்றிச் சிறிது கூறுவோம். 'அலமாரி' என்பது தமிழ்ச்சொல்லன்று. போர்த்துகேயரின் 'அர்மாரியோ' என்னும் சொல்லே நம் நாவில் அலமாரியாயிற்று. மேசை, சாவி, ஜன்னல் என்பனவும் அவர்கள் கப்பலில் வந்திறங்கிய சொற்களே. மலாய்க்காரரும் 'அல்மாரி' என்றும், 'மேஜா' என்றும், 'ஜெண்டெலா' என்றும் அவற்றையே வழங்குகின்றனர். 1511-ம் ஆண்டில் அல்புகர்க் என்பான் மலாக்காவைப் பிடித்தான். 1641-ல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். 1824-ம் ஆண்டு ஒப்பந்தத்தால் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. கொடி மாறியபோதெல்லாம் நாற்காலியும் மேசையும் அலமாரியும் மட்டும் இந்நாட்டு வீடுகளில் நிலைத்து நின்றன. புதுச்சேரி வழியாகப் பிரெஞ்சுக்காரரின் 'பீரோ'வும் தமிழில் புகுந்தது.

இக்கொடுக்கல் வாங்கலில் நாம் பெற்றதோடு கொடுத்ததும் உண்டு. மலாய் மொழியில் பெட்டிக்கு வழங்கும் 'பெத்தி' என்னும் சொல் தமிழ்ப் பெட்டியிலிருந்தே சென்றது. 'கெடாய்' என்பது நம் கடை. 'கப்பால்' என்பது நம் கப்பல். ஆகவே நம்மவர் பெட்டியைக் கொடுத்தனர். பறங்கியர் அலமாரியைக் கொடுத்தனர். இரண்டையும் மலாக்கா ஏற்றுக்கொண்டது. பொருள்களும் அவற்றின் பெயர்களும் எந்தச் சாதியையும் எந்தச் சமயத்தையும் கேட்டுப் பயணம் செய்வதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மரத்திலிருந்து கல்லுக்கு

அலமாரி புதிது, ஆனால் அதன் ஓரத்தில் ஓடும் வளைவுகள் நமக்குப் புதியனவல்ல. தமிழ்நாட்டுப் பழங்கோயில் ஒன்றன் அடித்தளத்தைக் கூர்ந்து பார்த்தவர்கள் இதனை எளிதில் அறிவர். தரையோடு படிந்த உபானம், அதன்மேல் சகதி, அதற்குமேல் உருண்டு திரண்ட குமுதம், உள்வாங்கிய கண்டம், தட்டையாக ஓடும் பட்டிகை, மேலே வளைந்து கவிந்த கபோதம் என்று அடுக்கடுக்காக வரிகள் செல்லும். குமுதம் முழு வட்டமாகவும் இருக்கும். மூன்று பட்டை தீட்டியதாகவும் இருக்கும். தாமரையிதழ் போல் வளைந்து விரிவதைப் பதுமம் என்பர். 1010-ம் ஆண்டில் இராசராசன் கட்டி முடித்த தஞ்சைப் பெருங்கோயிலில் இவ்வரிகளை மிகப் பெரிய அளவில் காணலாம். அவற்றையே சுருக்கி விரல் அகலமாக்கி மரத்தில் இழைத்தால், அலமாரியின் தலைச்சட்டம் கபோதமாகும், இடைச்சட்டம் குமுதமாகும், அடிச்சட்டம் சகதியாகும். கிரேக்கரும் ரோமரும் தம் கட்டடங்களுக்கு வகுத்த வளைவுகளும் ஏறக்குறைய இவையே. ஒளியும் நிழலும் எந்நாட்டிலும் ஒன்றாகவே விழுவதால், அவற்றைக் கண்ட கைகளும் ஒத்த வடிவங்களையே கண்டுபிடித்தன போலும்.

இவ்வடிவங்கள் கல்லில் பிறந்தனவல்ல என்பது கருதத்தக்கது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், மண்டகப்பட்டில் குடைவித்த கோயிலின் கல்வெட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி அதனைச் செய்வித்ததாகப் பெருமை கூறுகிறான். அஃதின்றிச் செய்ததே பெருமையென்றால், அதுவரை கோயில்கள் மரத்தாலும் செங்கல்லாலுமே கட்டப்பட்டு வந்தன என்பது பெறப்படும். மாமல்லபுரத்துத் திரௌபதி இரதம் கூரை வேய்ந்த குடிசையின் உருவத்தைக் கல்லில் காட்டி நிற்கிறது. மரத்தச்சன் கண்ட வடிவத்தையே கல்தச்சன் பின்பற்றினான். மரம் மக்கி மறைந்தது; கல் நிலைத்தது. ஆதலின் கோயிற் கல்லில் நாம் கண்டு வியக்கும் வரிகளுக்கு மூலம், பெயர் தெரியாத மரத்தச்சர்களின் இழைப்புளியேயாம்.

சங்கூதும் உரிமை

நிற்க. இவ்வளவையும் செய்த கைவினைஞரின் நிலை எவ்வாறிருந்தது? தட்டார், கன்னார், தச்சர், கல்தச்சர், கொல்லர் என ஐவகைத் தொழிலினரைச் சேர்த்துக் கம்மாளர் என்று வழங்கினர். கொங்குநாட்டுக் கோயிற் கல்வெட்டொன்றில், கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டம் பூண்ட அரசன் இக்கம்மாளருக்குச் சில உரிமைகளை வழங்கியிருக்கிறான். அவ்வுரிமைகள் யாவை என்று கேட்போர் திடுக்கிடுவர். தங்கள் நல்ல காரியங்களுக்கும் தீய காரியங்களுக்கும் இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே செல்லும்போது காலில் செருப்பு அணிந்துகொள்ளலாம், தங்கள் வீட்டுச் சுவர்களுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம்! அரசன் ஆணையிட்டு அனுமதிக்க வேண்டியிருந்ததென்றால், அதற்கு முன் இவை அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன என்பதே கருத்து. ஊரார் மாளிகைக்குத் தூணும் நிலையும் செய்து கொடுத்தவன் தன் குடிசைச் சுவருக்குச் சாந்து பூச அரசனின் ஓலைக்குக் காத்திருந்தான். வருணப் பாகுபாடு கைத்தொழிலை வளர்த்தது என்று வாதிப்போர் இக்கல்வெட்டுக்கு என்ன விடை கூறுவரோ அறியோம்.

கம்மாளர் இவ்விழிவை வாளா பொறுத்திருந்தாரல்லர். தாம் விசுவகர்மாவின் வழித்தோன்றல்கள் என்று கூறிப் பூணூல் தரித்தனர். தம் திருமணச் சடங்குகளைத் தாமே நடத்திக்கொள்ளும் உரிமைக்காகப் பார்ப்பனரோடு வழக்காடி, 1818-ம் ஆண்டில் சித்தூர் ஜில்லா நீதிமன்றத்தில் தமக்குச் சாதகமான தீர்ப்பும் பெற்றனர். அடிமைப்பட்டவர் நிமிர்ந்து நின்றதைப் போற்றாதார் யார்? ஆயினும் நிமிர்ந்தவர் ஏணியை உடைத்தெறியவில்லை. தாம் ஏணியின் உயர்ந்த படியில் நிற்பவரென்றே வாதித்தனர். தொழிலின் நுட்பம் தந்தை வாயிலிருந்து மகன் செவிக்கே செல்லும். வேற்றுக் குலத்தான் உளியைத் தொட்டால் அது முறைகேடு என்றாயிற்று. தடுக்கப்பட்டவனே தடுப்பவனும் ஆனது சாதி முறையின் கொடுமைகளில் ஒன்று.

பழந்தமிழ் நூல்கள் இவ்வாறு கூறவில்லை. மணிமேகலையைப் படிப்போர், புகார் நகரத்தில் மண்டபம் ஒன்று சமைத்தவர்களைப் பற்றிய குறிப்பைக் காண்பர். மகத நாட்டு வினைஞரும், மராட்டக் கம்மியரும், அவந்திக் கொல்லரும், யவனத் தச்சரும் தமிழ்நாட்டு வினைஞரோடு கூடி அதனைச் செய்தனர் என்று சாத்தனார் கூறுகிறார். கடல் கடந்து வந்த யவனனோடு ஒரே மரத்தில் வேலை செய்த தமிழ்த் தச்சனுக்குக் குலத்தின் தீட்டு எங்கே சென்றது? ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்றும், சித்திர வேலையைக் கைப்பழக்கத்தால் வருவதென்று கூறி, பிறவியோடு வருவன நட்பும் தயையும் கொடையுமே என்று முடிக்கிறது. குணத்தைப் பிறப்போடு சேர்த்ததை நாம் ஏற்காவிடினும், கைத்திறனைப் பிறப்பினின்றும் பிரித்த அறிவை ஏற்கத் தடையில்லை.

மலாக்காவின் மூன்று வாசல்கள்

புக்கிட் பெருவாங்கிலிருந்து சில மைல் தொலைவில் மலாக்கா நகரத்தின் பழைய தெருக்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றன் பெயர் ஜாலான் துக்காங் பெசி. அதனைத் தொடர்ந்து செல்வது ஜாலான் துக்காங் எமாஸ். முன்னது கொல்லர் தெரு. பின்னது பொற்கொல்லர் தெரு. 'துக்காங்' என்னும் மலாய்ச் சொல் செய்யும் வேலையைக் குறிக்குமேயன்றிப் பிறந்த வயிற்றைக் குறிக்காது. மரவேலை செய்பவன் எவனாயினும் அவன் 'துக்காங் காயு'. சீனனும் மலாய்க்காரனும் தமிழனும் அப்பெயருக்குச் சமமாக உரியவர்கள்.

இத்தெருவோரத்தில் 1781-ல் மலாக்காச் செட்டிகள் கட்டிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. அதனருகே 1748-ல் இந்திய முஸ்லிம் வணிகர் மரத்தால் கட்டி, 1872-ல் செங்கல்லால் புதுப்பிக்கப்பட்ட கம்போங் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. சற்றே தள்ளிச் சீனரின் செங் ஹூன் தெங் கோயில், பதினேழாம் நூற்றாண்டிலிருந்து நின்று வருகிறது. பள்ளிவாசலின் உள்ளே சென்று மரத்தாலான பிரசங்க மேடையைக் காண்பவர், அதன் சித்திர வேலையில் இந்துக் கோயிற் சாயலும் சீனக் கோயிற் சாயலும் கலந்திருப்பதைக் காண்பர். கூரை அடுக்குகளோ இந்நாட்டுப் பாணி. தூண்களோ ஐரோப்பியப் பாணி. மூன்று மதங்களின் வாசல்களில் உளி மட்டும் மதம் பாராமல் நுழைந்து வந்திருக்கிறது. 2008-ம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவை உலக மரபுச் சின்னமாக அறிவித்ததற்கு இத்தகைய கலப்பே முதற் காரணம். முன்னர் ஹீரன் தெரு எனப்பட்ட துன் டான் செங் லோக் சாலையிலுள்ள பாபா வீடுகளின் பொன்பூசிய மரத்திரைகளும் இக்கலப்பின் பிள்ளைகளே.

தமிழகத்துச் செட்டிநாட்டு மாளிகைகளையும் ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். அம்மாளிகைகளின் முகப்பு நிலைகளில் யாளியும் அன்னமும் கொடியும் இலக்குமியுமாக நிறைந்திருக்கும் செதுக்கு வேலை உலகப் பிரசித்தி பெற்றது. மரம் பர்மாத் தேக்கு. பணமோ பர்மாவிலும் இலங்கையிலும் நம் மலாயாவிலும் வட்டித் தொழிலால் திரட்டியது. இந்நாட்டு வியர்வையின் ஒரு பங்கும் காரைக்குடிக் கதவுகளில் சித்திரமாக நிற்கிறதென்றால் அது மிகையன்று. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவையும் மலாயாவையும் பிடித்தபின் அச்செல்வ நிலை சரிந்தது. பிற்காலத்தில் பல மாளிகைகளின் தூண்களும் நிலைகளும் பெயர்க்கப்பட்டுக் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலை கூறப்பட்டன. செய்வித்தவர் பெயர் மாளிகை வாசலில் பொறிக்கப்பட்டிருக்கும். செதுக்கியவர் பெயர் எவ்விடத்தும் காண்பது அரிது.

பட்டறையிலிருந்து பள்ளிக்கு

இத்தொழில் குலத்தின் பூட்டிலிருந்து எவ்வாறு விடுபட்டது என்பதை இனிக் காண்போம். இரு சாவிகள் அப்பூட்டைத் திறந்தன. ஒன்று பள்ளிக்கூடம், மற்றொன்று கருவி.

1850-ல் டாக்டர் அலெக்சாந்தர் ஹண்டர் சென்னையில் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இரண்டாண்டுகளில் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. தந்தையின் பட்டறைக்கு வெளியே, வகுப்பறையில், வரைபடத்தையும் அளவையும் கொண்டு கைவினை கற்பிக்கும் முறைக்கு அது வழிகோலிற்று. 1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைவரானபோது அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் என்ற பெயர் பெற்றார்.

கருவியின் கதை வேறு. பண்டு ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் இழைப்புளி வேண்டும். குமுதத்துக்கு ஒன்று, பதுமத்துக்கு ஒன்று எனப் பெட்டி நிறைய வைத்திருந்தவனே பெரிய தச்சன். 1793-ல் இங்கிலாந்தில் சாமுவேல் பெந்தம் என்பார், மரத்தை இழைக்கவும் வளைவு வெட்டவும் இயந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி ஆலைகள் சட்டங்களை மைல் கணக்கில் வெட்டித் தள்ளின. 1880-களில் அமெரிக்காவின் ஸ்டான்லி கம்பெனியார், ஒரே இழைப்புளியில் பல அலகுகளை மாற்றி மாற்றிப் பொருத்தும் '45' என்னும் கருவியை விற்கத் தொடங்கினர். இருபதாம் நூற்றாண்டில் கையில் பிடித்து ஓட்டும் மின்சார ரூட்டர் வந்தது. பரம்பரையின் நெஞ்சில் மறைந்திருந்த வளைவு, கடையில் விலைக்கு வாங்கும் எஃகு அலகில் குடியேறிற்று. வாங்கும் காசுக்குக் குலம் கிடையாது.

இம்மாற்றத்தைக் கண்டு வருந்தினோரும் உண்டு. அவர்களுள் தலையாயவர், 1877-ல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. 1908-ல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றியும், 1909-ல் இந்தியக் கைவினைஞன் பற்றியும் அவர் எழுதிய நூல்கள் இன்றும் படிக்கத்தக்கவை. இயந்திரமும் வியாபாரப் போட்டியும் கைவினைஞனைக் கூலியாக்கிவிட்டன என்று அவர் கூறியதில் உண்மை நிரம்ப உண்டு. ஆனால் பரம்பரைச் சங்க அமைப்பு அவனுக்கு வாழ்வுறுதியும் மனநிறைவும் அளித்தது என்று அவர் புகழ்ந்ததை நாம் அப்படியே ஒப்புக்கொள்வதற்கில்லை. சுவருக்குச் சாந்து பூச உரிமையற்றவனின் மனநிறைவு எத்தகையது என்பதைக் கொங்குநாட்டுக் கல்வெட்டு சொல்லிவிட்டது.

இருவகைத் தவறு

1953-ம் ஆண்டில் சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரி ராஜகோபாலாச்சாரியார், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அரைநாள் படித்து மறு அரைநாள் பெற்றோர் தொழிலைப் பழகவேண்டும் என்றொரு திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் பெரியார் ஈ.வெ. ராமசாமியும் பிறரும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1954-ல் அவர் பதவி விலகினார். காமராசர் பதவியேற்று அத்திட்டத்தை நீக்கினார். அவ்வெதிர்ப்பு முற்றிலும் நியாயமானதே. தச்சன் மகன் தச்சனாகவும் தோட்டி மகன் தோட்டியாகவும் இருக்கக் கடவன் என்பதைப் பாடத்திட்டமாக்குவது எவ்வாறு கல்வியாகும்? இவ்வழக்கு பழங்கதையாகிவிடவுமில்லை. இந்திய ஒன்றிய அரசு 2023-ல் தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் குடும்பத் தொழில் என்னும் நிபந்தனை இருப்பதைக் கண்டித்துத் தமிழ்நாட்டு அரசு அதனை ஏற்க மறுத்தது. அந்நிபந்தனை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025-ல் தொடங்கிற்று.

இது ஒருவகைத் தவறு. இதற்கு நேர் எதிரான தவறொன்றும் உண்டு. அதனை எடுத்துரைப்பதும் சீர்திருத்தக்காரரின் கடமையே. குலத்தொழிலை ஒழிக்கப் புறப்பட்ட நம்மவருட் பலர் தொழிலையே இழிவென்று எண்ணலாயினர். பேனா பிடித்தால் உயர்வு, உளி பிடித்தால் தாழ்வு என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? கையால் உழைப்பவன் தாழ்ந்தவன் என்ற வருணக் கொள்கையே வேட்டி களைந்து கால்சட்டை மாட்டிக்கொண்டு வந்த உருவமன்றோ அது! தோட்டத்துக் கிராணி மேசையில் அமர்ந்திருப்பவன் என்ற முறையில் இதனைச் சற்று உறுதியாகவே கூறுகிறேன். ஆபீஸ் மேசையின் விளிம்பை இழைத்தவனைவிட அம்மேசையில் கையெழுத்திடுபவன் மேலானவன் என்பதற்கு நான் அறிந்த அறிவியல் எதுவுமில்லை. 1929-ம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்த பெரியார் நம்மவர்க்கு விட்டுச்சென்ற சுயமரியாதை என்னும் சொல், தன் கையை மதிப்பதையும் உள்ளடக்கியதே.

சாதி விலக வேண்டும். தொழில் தங்க வேண்டும். முன்னதை மட்டும் செய்து பின்னதைக் கைவிட்டால், பெருமரபு ஒன்று நம் காலத்திலேயே அருங்காட்சியகப் பொருளாகிவிடும். தமிழ்நாட்டில் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-லும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு அதனையடுத்தும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குக் காப்பு கிடைத்தது மகிழ்ச்சியே. கற்க விரும்பும் எக்குலத்துப் பிள்ளைக்கும் உளி கிடைப்பதே அதனினும் பெரிய காப்பாகும்.

நம் கையிலுள்ள மரம்

இந்நாட்டுத் தமிழருக்கு இக்கலை தொலைவிலுள்ளதென்று எண்ணவேண்டா. அதற்கு வேண்டிய மரம் நம் தலைமுறைகளின் கைபட்டே வளர்ந்தது. 1876-ல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுசென்ற ரப்பர் விதைகள் லண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் முளைத்தன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1896-ல் டான் சாய் யான் என்னும் சீன வணிகர், சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத் தலைவர் ரிட்லியின் தூண்டுதலால், நம் மலாக்காவிலுள்ள புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வியாபார முறையில் நட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். பின்னர் நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் வந்து, விடியுமுன் எழுந்து, அம்மரத்தின் பட்டையைச் சீவிப் பாலெடுத்தனர்.

இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் பால் வற்றியபின் மரம் வெட்டப்படும். நெடுங்காலம் அது விறகாகவும் கரியாகவுமே கழிந்தது. காரணம் யாதெனில், வெட்டிய சில நாட்களிலேயே நீலப் பூசணம் பிடிக்கும். வண்டு துளைத்துப் பொடியாக்கும். போராக்ஸ் வகை மருந்தை மரத்துள் செலுத்திச் சூளையில் உலர்த்தினால் இக்குறைகள் நீங்கும் என்று ஆராய்ச்சியாளர் கண்டபின் அதன் தலைவிதி மாறிற்று. கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சி நிலையம் இதற்குப் பெரிதும் உழைத்தது. 1980-களிலிருந்து ரப்பர் மரச்சாமான்கள் கப்பல் கப்பலாக அயல்நாடு செல்கின்றன. நம் மாநிலத்துக்குத் தெற்கே, ஜொகூரைச் சேர்ந்த மூவார் நகரம், மரச்சாமான் தொழிலாலேயே பேர்பெற்று விளங்குகிறது. பாலைத் தந்தபோது அம்மரத்தோடு நமக்கு உறவிருந்தது. பலகையாகி அழகு பெற்றபோது நம்மவர் அதன் அருகில் இல்லை. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்ட இக்காலத்தில் அவ்வுறவைப் புதுப்பிக்கத் தகுந்த வழி, அப்பலகையில் நாமே கைவைப்பதுதான்.

வீட்டிலேயே செய்யும் முறை

விலையுயர்ந்த இயந்திரம் வேண்டுமோ என்று அஞ்சவேண்டா. ஐரோப்பியத் தச்சர் நெடுங்காலம் கையாண்ட சுரண்டுகட்டை என்னும் எளிய கருவி ஒன்றுண்டு. மரம் அறுக்கும் பழைய கைவாளின் தகட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அதன் விளிம்பில் வேண்டிய வளைவின் எதிருருவை அரத்தால் ராவிக்கொள்க. பலகையில் உருண்டை வேண்டுமாயின் தகட்டில் குழிவு இருக்கவேண்டும். ராவிய விளிம்பு தகட்டின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கட்டும். இரண்டு கெட்டியான கட்டைகளுக்கிடையே அத்தகட்டை இறுக்கித் திருகாணியிட்டு, கட்டையின் ஒரு புறம் பலகையின் ஓரத்தைத் தழுவிச் செல்லுமாறு படி விட்டுக்கொள்க. அவ்வளவே கருவி.

முதலில் மெல்லிய சட்டம் அறுத்துக்கொண்டு பின்னர் அதில் வளைவு சுரண்ட முயல்வது வீண். சட்டம் துள்ளும், முறியும். அகன்ற பலகையின் ஓரத்திலேயே வளைவைச் செய்து முடித்து, பிறகு அவ்வோரத்தைச் சட்டமாக அறுத்தெடுப்பதே முறை. நார் ஓடும் திசையில், இலேசான அழுத்தத்துடன், பலமுறை இழுக்கவேண்டும். அவசரப்படுவோர்க்கு மரம் கிழிந்தே விடை கூறும். மூலைகளில் சட்டத்தை 45 பாகையில் அறுத்துக் கூட்டுக. சட்டத்தில் சம இடைவெளியிட்டு வாளால் சிறு வெட்டுக்கள் போட்டு இடையிலுள்ளதை உளியால் நீக்கினால் பல்வரிசைச் சித்திரம் கிடைக்கும். இரு கட்டைகளை நடுவில் காகிதம் வைத்து ஒட்டிக் கடைந்து, பிறகு காகிதத்தில் பிளந்தால், அலமாரிக் கதவின் இருபுறமும் பதிக்கத்தக்க அரைத்தூண்கள் ஒருசேரக் கிடைக்கும்.

பழந்தச்சர் போற்றிய நுட்பம் ஒன்றையும் கூறிவிடுவோம். மரம் அகலத்தில் விரிந்து சுருங்கும். நீளத்தில் அநேகமாக மாறாது. அலமாரியின் பக்கப் பலகை முழுமரமாயின், அதன் குறுக்கே செல்லும் சட்டத்தை முழுதும் ஒட்டிவிடலாகாது. ஒட்டினால் பலகை அசைய இடமின்றி வெடிக்கும். முன்மூலையில் மட்டும் சில அங்குலம் பசையிட்டு, பின்புறம் சிறு ஆணியால் நிறுத்தினால் பலகை தன் இயல்பின்படி அசையும். இத்தகைய அறிவே ஒரு காலத்தில் தந்தை மகனுக்கு மட்டும் சொல்லிய இரகசியம். இன்று அதனை இப்பத்திரிகையில் எவரும் படிக்கலாம். படித்தவர் தம் மகளுக்கும் மகனுக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லலாம்.

தோழர்களே! நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாசகசாலைகளும் சங்கங்களும் உள்ளன. நூலும் சொற்பொழிவும் அங்கே இருக்கின்றன. அவற்றோடு ஒரு தச்சு மேசையும் நான்கு உளியும் ஓர் இழைப்புளியும் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம், ஆண் பெண் என்ற பேதமின்றி, எக்குலத்துப் பிள்ளையும் வந்து மரத்தைத் தொடட்டும். தச்சுத்தொழிலை வழிவழியாக அறிந்த பெரியவர் எவரேனும் அவ்வூரில் இருப்பாராயின், அவரை ஆசிரியராக மதித்து அழைத்து வருக. அவர் தம் அறிவைத் தருவார். நாம் அவர்க்குரிய மரியாதையைத் தருவோம். இரட்டைச் சங்குக்கும் செருப்புக்கும் அரசனிடம் அனுமதி கேட்கவேண்டியிருந்த கைகளுக்கு, தமிழ்ச் சமுதாயம் காலங்கடந்தேனும் செலுத்தவேண்டிய கடன் அது.